பழைய லேபிள், புதுச் சரக்கு

பயண நாள் 41, 06:20. தலைக்கூடு. எழுதுவது ஞானப்பூ.

கதவுக்காற்று லைப்ரரியை இன்று மாற்றினேன். தலையிலும் வாலிலும் புதியது ஓடுகிறது. நடுவில் இன்னும் ஏறவில்லை.

இந்தப் பதிவைத் துறை அதிகாரி படிக்கலாம், என்றைக்காவது இந்தத் தோணியை ஏலத்தில் எடுப்பவரும் படிக்கலாம். அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். இந்த விண்தோணியின் பெயர் சிப்பி. செரஸ் குறுங்கோளின் துறையில் உப்பு ஏற்றி செவ்வாய்க் கிரகத்தின் துறையில் இறக்குவது தொழில். ஆள் இரண்டு பேர். முதலாளியும் நான், தோணி ஓட்டும் தண்டலும் நான். இன்ஜினுக்குப் பேச்சிமுத்து. அவன் குடியிருப்பு வால்கூட்டில், என் குடியிருப்பு தலைக்கூட்டில், நடுவில் உப்பு.

மூன்று கூட்டையும் மூன்று ஏலத்தில் எடுத்து ஒட்டவைத்தேன். மூன்றும் வேறு வேறு கம்பெனி செய்தவை, ஆகவே ஆப்பரேட்டிங் சிஸ்டமும் மூன்று. மூன்று ஓரகத்திகளை ஒரு வீட்டில் குடிவைத்த கதைதான். ஒருத்தி அடுப்பில் இன்னொருத்தி சட்டி ஏறாது. ஆனால் கதவும் காற்றும் மூன்று பேருக்கும் பொது. அதற்காகத்தான் கதவுக்காற்று என்று ஒரு பொது லைப்ரரி. இது புத்தகம் அடுக்கும் லைப்ரரி அல்ல. எந்தப் புரோகிராமுக்குக் காற்றழுத்தம் தெரிய வேண்டுமோ, எதற்குக் கதவு திறக்க வேண்டுமோ, அது இதைக் கூப்பிட்டுக் கேட்கும். சோர்ஸ் கோடு ஒன்றுதான். ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் தனியாகக் கட்ட வேண்டும், அதாவது கம்பைல் செய்ய வேண்டும். செரஸில் கூலிக்குக் கட்டித் தருகிறார்கள், மூன்றையும் அங்கேயே கட்டி வாங்கி வந்தேன்.

புதியதில் என்ன விசேஷம் என்றால், கரிக்காற்று, அதாவது மூச்சில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு, அதன் அளவும் சொல்லும். லைப்ரரி திருப்பித் தரும் விவரப் பட்டியலில் அதை முதல் கட்டத்தில் வைக்கச் சொன்னேன். புதுச் சரக்கை முன்வரிசையில் வைப்பதுதானே கடைக்கு அழகு. லேபிளை மட்டும் மாற்றவில்லை. பழைய பெயர், பழைய எண். எண் மாறினால் துறையில் மறுபடி சோதனை, அதற்கு வரிசை, வரிசைக்குக் கட்டணம். பெயர் மாறாத சரக்குக்குச் சோதனை கிடையாது. தோணிக்காரர் எல்லாரும் செய்வதுதான்.

தலையும் வாலும் ஓடும்போதே மாற்ற விட்டன. நடுக்கூட்டின் சிஸ்டம் மட்டும் முரண்டு பிடித்தது. ‘ஃபைல் பயன்பாட்டில் உள்ளது. அடுத்த முறை எழும்பும்போது மாற்றப்படும்’ என்று எழுதிக் காட்டியது. சரி, அப்போது மாறட்டும்.

இதே லைப்ரரியை என்னிடம் விலைக்கு வாங்கி ஓட்டுகிறவர் பெனடிக்ட் கொரேரா. அவருடைய கப்பல் பனிமயம் இதே பாதையில்தான் பின்னால் வருகிறது. புதுச் சரக்கை ரேடியோவில் அவருக்கும் அனுப்பிவிட்டேன். லேபிள் அதேதான் என்பதால் அவர் கப்பல் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டது. இலவசச் சேவை. வாடிக்கையாளரைப் பிடித்து வைக்க இது ஒரு வழி.

நாள் 41, 09:10.

நடுக்கூட்டின் கதவுகள் இரண்டும் பூட்டிக்கொண்டன. தலைக்கும் நடுவுக்கும் இடையே உள்ளதும், நடுவுக்கும் வாலுக்கும் இடையே உள்ளதும். நடுக்கூட்டின் கதவுப் புரோகிராம் வாரம் ஒருமுறை தானே நின்று எழும்பும். இன்று எழும்பியதும் பூட்டியது. நடுவில் காற்றே இல்லை, வெற்றிடம் என்கிறது. பொய். கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், உப்பு மூட்டையின் கிழிந்த நூல் காற்றில் ஆடுகிறது.

வால்கூடு, ஒலி: “யக்கா, என்ன நடக்கு? நடுக்கதவு படார்னு அடச்சிட்டு. நான் தொடக்கூட இல்ல பாத்துக்கிடுங்க.”

நான்: “நான் பாக்கேன். நீ எதையும் திருகாத.”

வால்கூடு, ஒலி: “திருகாமலா? ஏற்கனவே திருகிட்டேன். அசையல.”

பூட்டின் முள்ளை மின்சாரம்தான் தூக்கிப் பிடிக்கும். மின்சாரத்தை எடுத்தால் முள் இன்னும் ஆழமாக விழும். வெற்றிடத்துக்குப் பயந்து செய்த அமைப்பு. விண்ணுடை இரண்டும் நடுக்கூட்டு அலமாரியில்.

நாள் 41, 09:55.

காரணம் தெரிந்துவிட்டது. காரணம் நான்.

நடுக்கூட்டின் கதவுப் புரோகிராம் ஏலத்தோடு வந்தது. அதன் சோர்ஸ் என்னிடம் இல்லை. பழைய பட்டியலை வைத்துக் கட்டப்பட்ட புரோகிராம் அது. முதல் கட்டத்தில் இருப்பது காற்றழுத்தம் என்பதுதான் அதற்குத் தெரியும். நான் அங்கே கரிக்காற்றை வைத்தேன். நடுக்கூட்டில் கரிக்காற்று ஏறக்குறைய சுழி. அது சுழியைப் படித்தது, அழுத்தம் சுழி என்று நம்பியது, பூட்டியது. தலையிலும் வாலிலும் புரோகிராம்களைப் புதிய பட்டியலுக்குச் சேர்த்தே கட்டியிருந்ததால் அங்கே கோளாறு இல்லை.

கடைசிக் கட்டத்தில் வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. எண்ணை மாற்றியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ‘இது எனக்குத் தெரிந்த சரக்கு இல்லை’ என்று புதியதை ஒதுக்கிவிட்டு, பக்கத்தில் இருக்கும் பழையதையே கூப்பிட்டிருக்கும். எண் எதற்கு என்பது இப்போது விளங்குகிறது.

பழையதைத் திரும்ப வைக்கலாம் என்று தேடினேன். இல்லை. பெயர் ஒன்றே என்பதால் புதியது பழையதின் தலைமேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது. காப்பு நகலும் பெயரைப் பார்த்துத்தான் எடுக்கிறது. அதிலும் புதியதுதான்.

தலைக்கூட்டில் காற்றைச் சுத்தம் செய்யத் தனிக் கருவி உண்டு. பேச்சிமுத்துவின் காற்று நடுக்கூட்டு வழியாகத்தான் சுத்தமாகி வரும். அந்தக் குழாயும் அடைந்துவிட்டது. வால்கூட்டில் இப்போது இருக்கும் காற்று, கணக்குப் பார்த்தால், இரவு எட்டு மணி தாண்டாது.

நாள் 41, 10:40.

கொரேராவைக் கூப்பிட்டேன். பனிமயம் சாதாரணமாக வந்தால் நள்ளிரவாகும். இன்ஜினை முழுக்க முடுக்கினால் மாலை ஏழரை. வால்கூட்டுக்கு வெளிக்கதவு உண்டு. அவர் வந்து ஒட்டினால் பேச்சிமுத்து அந்தப் பக்கமாக இறங்கிவிடலாம்.

பனிமயம், ஒலி: “வாரேன் ஞானப்பூ, வராம இருப்பனா. ஆனா எரிபொருளு தண்ணி மாரி போகும். உப்புல மூணுல ஒண்ணு எனக்கு.”

நான்: “அண்ணாச்சி, ஆள் உயிரு. எரிபொருள் காச வாங்கிக்கிடுங்க.”

பனிமயம், ஒலி: “நான் வந்து சேருறதுக்கு முன்னால கதவு தொறந்துட்டா எரிபொருள் காசு. தொறக்கலன்னா மூணுல ஒண்ணு. போன வருசம் என் மோட்டார் சரக்க நீ பாதி வெலைக்கு அடிச்சதுக்கு இது கம்மி.”

ஒத்துக்கொண்டேன். கதவு பூட்டிக்கொண்டதற்கு என்ன காரணம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நாள் 41, 11:30.

ஏழரைக்குள் கதவைத் திறந்துவிட்டால் உப்பில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். சோர்ஸ் என்னிடம் இருக்கிறது. பட்டியலைப் பழையபடி திருத்தி, நடுக்கூட்டுக்கு நானே கட்டிப் பார்க்கலாம். கட்டும் கருவி தலைக்கூட்டுக் கம்ப்யூட்டரில் உண்டு.

ஒரு சிக்கல். புது லைப்ரரியை வைத்தால் கதவுப் புரோகிராமை எழுப்ப வேண்டும். அது எழும்பும்போதெல்லாம் வால்கூட்டிலிருந்து காற்றை இழுத்து, இணைப்புக் குழாயில் விட்டுச் சோதித்து, வெளியே தள்ளும். ஒவ்வொரு முயற்சிக்கும் பேச்சிமுத்துவின் காற்றில் ஒரு பங்கு போகும். அவனிடம் கேட்டேன்.

வால்கூடு, ஒலி: “மிச்சமாகுற உப்புல எனக்கு எவ்வளவு?”

நான்: “எட்டுல ஒண்ணு.”

வால்கூடு, ஒலி: “என் மூச்ச நான் போடுதேன், உங்க வெரல நீங்க போடுதிய. நாலுல ஒண்ணு குடுங்க. ஒம்பது வருசமா தோணியில பங்கு கேக்கேன், ஒருநாளும் வாயத் தொறக்க மாட்டேங்கிய.”

நான்: “எட்டுல ஒண்ணு பேச்சி. மேல பேசாத, காத்து வீணாகுது.”

வால்கூடு, ஒலி: “பாத்தியளா, இப்பவும் வாய அடைக்குறதுலதான் நிக்கிய. சரி, பண்ணுங்க.”

நாள் 41, 13:20.

முதல் முயற்சி தோற்றது.

லைப்ரரி ஏறியது. கதவுப் புரோகிராம் ‘கதவைத் திற’ என்ற வேலையைக் கூப்பிட்டது. அப்படி ஒன்று இங்கே இல்லை என்று பதில் வந்தது. இருக்கிறது. என் கையால் எழுதியது. தலைக்கூட்டின் சிஸ்டத்தில், உள்ளே இருக்கும் வேலை எல்லாமே வெளியே இருப்பவர் கண்ணுக்குத் தெரியும். கதவில்லாத கடை. நடுக்கூட்டின் சிஸ்டம் அப்படியில்லை. இன்ன இன்ன சரக்கு விற்பனைக்கு என்று பலகையில் எழுதி வாசலில் மாட்டினால்தான் வெளியாள் கேட்க முடியும். மாட்டாத சரக்கு உள்ளேயே கிடக்கும். நான் பலகை மாட்டவில்லை.

இது எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், இதுவரை கூலி கொடுத்தே கட்டி வாங்கியதுதான்.

காற்று இப்போது ஏழு மணி வரைதான். கொரேரா ஏழரைக்குத்தான் வருவார். இந்தக் கணக்கை முதல் முயற்சிக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். போட்டேன். ஒரே முயற்சியில் முடிந்துவிடும் என்று போட்டேன்.

இனி மிச்சம் பிடிக்கும் பேச்சு இல்லை. இனி திறந்தே ஆக வேண்டும்.

நாள் 41, 15:45.

இரண்டாவது முயற்சி. பலகை மாட்டினேன். ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தேன். புரோகிராம் கூப்பிட்டது, லைப்ரரி பதில் சொன்னது. காற்றழுத்தம் சரியாகப் படித்தது. பூட்டின் முள் அரை விரல் தூக்கியதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கத்திவிட்டேன்.

பிறகு முள் விழுந்தது.

இரண்டாவது கட்டத்தில் இருப்பது பிராணவாயு. அதைச் சுழி என்று படித்துவிட்டது. மூன்று சிஸ்டத்திலும் ஒரே அளவாக இருக்கட்டும் என்று பட்டியலின் ஒவ்வொரு கட்டத்தையும் எட்டு பைட் அகலமாக வெட்டியிருந்தேன். தலைக்கூட்டில் அதுதான் அளவு. நடுக்கூட்டின் பழைய புரோகிராமுக்கு ஒரு கட்டம் நாலு பைட். நான் எட்டு அங்குலத்துக்கு ஒரு முட்டை வைத்த தட்டில் அது நாலு அங்குலத்துக்கு ஒருமுறை கைவிட்டுத் தேடியது. முதல் முட்டை கிடைத்தது. அடுத்து வெறும் தட்டு.

வால்கூடு, ஒலி: “தொறந்துட்டுன்னு நெனச்சேன்க்கா. முள்ளு சத்தம் கேட்டுது.”

நான்: “விழுந்துட்டு பேச்சி.”

வால்கூடு, ஒலி: “ம். காது அடைக்கி. இப்ப நான் தரையில படுத்துக் கெடக்கேன். ஒரு வேலையும் இல்லாம படுத்துக் கெடக்க சம்பளம் வாங்குறது இதான் மொத தடவ.”

சிரிக்கப் பார்த்தான். இருமல்தான் வந்தது.

வால்கூட்டின் கரிக்காற்று அளவு என் திரையில் முதல் கட்டத்தில், பெரிய எழுத்தில், மிகச் சரியாகத் தெரிகிறது. நான் பெருமையாகக் கொண்டுவந்த சரக்கு. ஏறிக்கொண்டே இருக்கிறது. திரையை அணைத்தேன். மறுபடி போட்டேன்.

காற்று ஆறரை வரை. இன்னும் ஒரே ஒருமுறைதான் எழுப்பலாம். அது தவறினால் அவன் இல்லை. மூன்றாவது ஒன்றை நானே கட்டலாம். அதில் எது தவறும் என்பது தவறிய பிறகுதான் எனக்குத் தெரியும்.

நாள் 41, 16:30.

யோசிக்க முடியவில்லை. காலையிலிருந்து எழுதியதையே திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தேன். காலை ஆறு இருபதுக்கு எழுதிய வரி ஒன்று.

‘ஃபைல் பயன்பாட்டில் உள்ளது. அடுத்த முறை எழும்பும்போது மாற்றப்படும்.’

பனிமயமும் என் நடுக்கூடும் ஒரே கம்பெனி. ஒரே சிஸ்டம். ஒரே கதவுப் புரோகிராம்.

அப்படியானால் கொரேராவின் கப்பலிலும் நான் அனுப்பிய புதுச் சரக்கு இன்னும் ஏறவில்லை. ஓரமாகக் காத்திருக்கிறது. அவர் வந்து தோணியில் ஒட்டுவதற்குக் கதவுப் புரோகிராம் புதிதாக எழும்பும். எழும்பியதும் அது ஏறும். அவர் கதவுகளும் பூட்டும். அந்தக் கப்பலில் அவர் மகள் ரெக்ஸலின் இருக்கிறாள், மருமகன் இருக்கிறார். ஆளுக்கு ஓர் அறையில் அடைபடுவார்கள். அவர்களுக்குக் கதவு திறக்க வேறு யார் வருவார்?

அவசரமாக எழுதுகிறேன். பிழை இருந்தால் படிப்பவர் பொறுத்துக்கொள்ளவும்.

இன்னொன்றும் உண்டு. ஏறவில்லை என்றால், பழையது அங்கேயே இருக்கிறது. செரஸில் முறையாகக் கட்டிய பழைய லைப்ரரி, பலகை மாட்டியது, நாலு பைட் கட்டம் கொண்டது, கொரேராவின் கப்பலில் இந்த நிமிடம் ஓடிக்கொண்டிருக்கிறது.

நாள் 41, 16:38.

ஒன்றை ஒளிக்காமல் எழுதுகிறேன். எட்டு நிமிடம் தந்திரம் யோசித்தேன். என் ஃபைல் கெட்டுவிட்டது, உங்களுடையதை அனுப்புங்கள் என்று மட்டும் கேட்கலாம். வந்ததும் அதையே அவருக்குத் திருப்பி அனுப்பலாம். லேபிள் ஒன்றுதான், கேள்வி கேட்காமல் காத்திருப்பதன் மேல் ஏறிவிடும். அவருக்குத் தெரியவே தெரியாது. என் பேரும் கெடாது, மூன்றில் ஒன்றும் பேசித் தீர்க்கலாம்.

ஆனால் என் நடுக்கூட்டைப் போல அவர் கப்பலும் வாரம் ஒருமுறை தானே எழும்பும். எந்த நாள், எந்த மணி என்று எனக்குத் தெரியாது. நான் சாமர்த்தியம் பேசும் நேரத்தில் அது எழும்பிவிட்டால் ஃபைலும் போச்சு, அவர்களும் போச்சு, பேச்சிமுத்துவும் போச்சு.

கூப்பிடுகிறேன்.

நாள் 41, 16:52.

இப்போதுதான் ரேடியோவில் கிடைத்தார்.

நான்: “அண்ணாச்சி, கதவுப் புரோகிராம நிறுத்தாதிய. எழுப்பாதிய. தானா எழும்புற நேரம் எப்ப?”

பனிமயம், ஒலி: “எதுக்கு?”

நான்: “காலம்பற நான் அனுப்புன சரக்கு தப்பு. எழும்புனா உங்க கதவு பூட்டிக்கிடும். என் கதவும் அதுலதான் பூட்டுச்சு.”

அதையே இன்னொரு முறை சொன்னேன்.

பனிமயம், ஒலி: “அஞ்சு மணிக்கு எழும்பும். இன்னைக்கு. ஏ மாப்ள! ஓடு, ஓடு! கதவுப் புரோகிராமுக்குப் போட்டுருக்க நேரத்த எடுத்துவிடு! கேள்வி கேக்காத, ஓடு!”

எட்டு நிமிடம் மிச்சம் இருந்திருக்கிறது. நான் தந்திரம் யோசித்ததும் அதே எட்டு நிமிடம்.

நாள் 41, 17:04.

பனிமயம், ஒலி: “நிறுத்தியாச்சு. ஏட்டி ஞானப்பூ, பத்தர மணிக்கு எங்கிட்ட பேசும்போது ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?”

நான்: “உங்க கப்பலுக்கும் வரும்னு அப்ப தோணல. என் லைப்ரரிதான் காரணம்னு தெரியும். சொல்லல.”

பனிமயம், ஒலி: “என் மவ இந்தக் கப்பல்ல இருக்கா.”

நான்: “தெரியும் அண்ணாச்சி.”

பனிமயம், ஒலி: “லேபிள மாத்துறதுக்கு ஒனக்கு என்ன கேடு? ஒரு எண்ணுதானட்டி? எண்ணு மாறியிருந்தா என் கப்பல் அத வாசல்லயே நிறுத்தியிருக்கும்லா?”

அவர் கப்பலில் ஓடும் பழைய ஃபைலை அனுப்பச் சொல்லிக் கேட்டேன். பேச்சிமுத்துவின் நிலையைச் சொன்னேன்.

நாள் 41, 17:15.

பனிமயம், ஒலி: “அனுப்புதேன். வெலைய நான் சொல்லுதேன். உப்பு முழுக்க எனக்கு. தோணி எம் பேருக்கு. நாளப்பின்ன லைப்ரரின்னு ஒண்ண நீ யாருக்கும் விக்கக் கூடாது. நீ செஞ்சத நீயே ஒன் வாயால பொது அலைவரிசையில சொல்லணும், துறைக்காரன் காதுல விழுற மாரி.”

இருபத்திரண்டு வருடம். துறையில் பழைய மோட்டாரை உடைத்துச் செம்புக் கம்பி விற்றுத் தொடங்கிய தொழில். ஒவ்வொரு கூட்டுக்கும் ஏலத்தில் கை தூக்கியது ஞாபகம் இருக்கிறது. உடனே சரி என்று சொல்ல வாய் திறந்தேன். வந்த வார்த்தை வேறு.

நான்: “உப்புல பாதி எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி.”

பழக்கம். சத்தியமாக வெறும் பழக்கம்.

வால்கூடு, ஒலி: “யக்கா... லைன்ல நானும் இருக்கேன். என் மூச்ச வச்சு... பேரம் பேசாதிய.”

பனிமயம், ஒலி: “அது யாரு, பேச்சியா? எப்பிடிடா இருக்க?”

வால்கூடு, ஒலி: “படுத்து... கெடக்கேன் மொதலாளி. எங்கக்காவுக்கு... ஒரு கூலியாவது போட்டு வைங்க. இல்லன்னா ராத்திரி... தூங்காது.”

பனிமயம், ஒலி: “தண்டல் கூலி. மாசக் கூலி. அதுக்கு மேல பேசுனா ரேடியோவ அடைச்சிருவேன்.”

நான்: “சம்மதம்.”

நாள் 41, 17:24.

ஃபைல் வரத் தொடங்கியது. இந்தத் தூரத்தில் ரேடியோ நத்தை. அரைமணி நேரம் பிடிக்கும். அதுவரை சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். பொது அலைவரிசையில் என் பெயரைச் சொல்லி, தோணி பெயரைச் சொல்லி, பழைய லேபிளில் புதுச் சரக்கு அனுப்பியதைச் சொன்னேன். செரஸ் துறை ‘கேட்டோம்’ என்று மட்டும் பதில் தந்தது.

நாள் 41, 17:49.

பாதிக்கு மேல் வந்து அறுந்துவிட்டது. முதலிலிருந்து.

பேச்சிமுத்து பேசுவதை நிறுத்திவிட்டான். மைக்கைத் தட்டுகிறான். நான் கேட்டால் ஒரு தட்டு. ஆம் என்றால் ஒன்று என்று சொல்லியிருக்கிறேன்.

இருக்கியா. தட்டு.

இருக்கியா. தட்டு.

நாள் 41, 18:13.

முக்கால் வந்திருக்கிறது. கொரேரா திசைக்குடை ஆன்டெனாவை என் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார். அவர் மகள் ரெக்ஸலின் ரேடியோவில் இருக்கிறாள். ‘அக்கா, அந்த அண்ணன் கூடப் பேசிக்கிட்டே இருங்க, நிறுத்தாதிய’ என்கிறாள். நான் அவளைக் கொல்லப் பார்த்தவள். அவள் எனக்குப் புத்தி சொல்கிறாள்.

இருக்கியா. தட்டு.

பேச்சி, தோணியில் நாலில் ஒன்று. கேட்டாயே. சரி. ஒத்துக்கொள்கிறேன். கேட்குதா.

தட்டு இல்லை.

நாள் 41, 18:21.

வந்துவிட்டது. கொரேரா பக்கத்து அளவோடு ஒத்துப் பார்த்தேன். ஒரு பைட்டும் பிசகவில்லை. நான் எதையும் தொடவில்லை, எதையும் திருத்தவில்லை, அழகு பார்க்கவில்லை. வந்தது வந்தபடி வைத்தேன். எழுப்புகிறேன். அவனுடைய கடைசிக் காற்றில் ஒரு பங்கை அது இழுக்கும் சத்தம் மைக்கில் கேட்கிறது.

அழுத்தம் சரி. பிராணவாயு சரி.

முள் தூக்கிவிட்டது. தலைக்கதவு திறந்தது. வால்கதவு திற

நாள் 41, 19:20. வால்கூடு.

வால்கதவைத் திறந்ததும் அவன் என் காலில் இடித்தான். கதவோரமாகவே கிடந்தான். உதடு நீலம். கையில் மைக். நடுக்கூட்டுக் காற்று உள்ளே பாய்ந்தது. விண்ணுடையின் பிராணவாயுவை முகத்தில் வைத்திருக்கிறேன். மூச்சு இருக்கிறது. சீராக இருக்கிறது. கண் திறக்கவில்லை. கூப்பிட்டால் அசைவில்லை. கையைத் தட்டிப் பார்த்தேன், திருப்பித் தட்டவில்லை.

அதே பழைய ஃபைலைக் காப்பு நகலாகப் பனிமயத்துக்கும் அனுப்பி, காத்திருந்ததை அழிக்கச் சொன்னேன். அழித்துவிட்டார்கள். இந்த முறை எண்ணை மாற்றித்தான் அனுப்பினேன். அவர்கள் கப்பல் ‘இது என்ன சரக்கு’ என்று நிறுத்திக் கேட்டது. கொரேரா பார்த்து, படித்து, பிறகு சம்மதம் கொடுத்தார். அப்படித்தான் கேட்க வேண்டும். இன்னும் சற்று நேரத்தில் வந்து ஒட்டுவார்கள். ரெக்ஸலினுக்கு மருத்துவம் கொஞ்சம் தெரியுமாம்.

பேசி முடித்த விலையை இங்கே எழுதி வைக்கிறேன், பின்னால் யாரும் மாற்றிப் பேசக் கூடாது. சிப்பி தோணி, மூன்று கூடும், பெனடிக்ட் கொரேராவுக்கு. உப்பு முழுவதும் அவருக்கு. ஞானப்பூ இனி லைப்ரரி விற்க மாட்டாள். ஞானப்பூவுக்குத் தண்டல் வேலை, மாதக் கூலி.

பேச்சிமுத்துவுக்கு நாலில் ஒன்று. தோணி இப்போது என்னுடையது இல்லை. எதில் நாலில் ஒன்று என்று அவன் இன்னும் கேட்கவில்லை.